ரத்தான பின்னும் திறந்த கதவு: கிருஷ்ணகிரி மாங்கூழ் ஆலை ஒன்றின் விபிஎன் நிகழ்வு ஆய்வு

ஜூன் மாத நடுப்பகுதி. பெங்களூரா மாங்காய் வரத்து உச்சத்தில் இருந்தது. கிருஷ்ணகிரிக்கும் பர்கூருக்கும் இடையே உள்ள ஒரு மாங்கூழ் ஆலையில் மாலை ஏழு மணிக் கொள்முதல் கூட்டம் நடந்துகொண்டிருந்தது. மறுநாள் டன்னுக்கு என்ன விலை வைப்பது என்பதுதான் பேச்சு. சந்தூர்ப் பக்கம் கொள்முதல் பார்க்கும் அலுவலர் மேசையோரம் அமர்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். அவருடைய லேப்டாப் பையில் மூடிக் கிடந்தது. பக்கத்து அறையில் ஃபயர்வால் திரையைப் பார்த்துக்கொண்டிருந்த கணினிப் பொறுப்பாளருக்கு, அதே அலுவலரின் பெயரில், வெளியிலிருந்து ஆலையின் உள்வலைக்கு வரும் விபிஎன் இணைப்பு ஒன்று பச்சையாக ஓடிக்கொண்டிருப்பது கண்ணில் பட்டது.

அவர் எழுந்து போய்க் கூட்ட அறைக் கதவைத் திறந்து பார்த்தார். ஆள் அங்கேதான் இருந்தார். திரும்பி வந்து இணைப்பைத் துண்டித்தார். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, அது தானாகவே மறுபடி இணைந்துகொண்டது. அப்போதுதான் எனக்குத் தொலைபேசி வந்தது. "அண்ணா, அவர் இங்கே உட்கார்ந்து டீ குடிக்கிறார். வெளியிலிருந்தும் அவரே உள்ளே வந்திருக்கிறார். எப்படி?"

ஆலையின் பெயரும் அந்தப் பெட்டியைச் செய்த நிறுவனத்தின் பெயரும் இங்கே வேண்டாம். பெட்டி என்று நான் சொல்வது, ஃபயர்வாலும் விபிஎன் வாயிலும் ஒன்றாக வரும், அலமாரியில் பொருத்தும் சாதனத்தை. சிறு தொழிற்சாலைகளில் எல்லோரும் அதைப் பெட்டி என்றுதான் சொல்கிறார்கள்.

தொலைந்த லேப்டாப்

விடையின் பாதி உடனே கிடைத்துவிட்டது. மே மாதத் தொடக்கத்தில் அந்த அலுவலரின் பழைய லேப்டாப் மண்டியில் தொலைந்துபோயிருந்தது. லாரிக்குள் வைத்துவிட்டு எடை பார்க்கப் போனவர் திரும்பி வந்தபோது பை இல்லை. காவல் நிலையத்தில் புகார் கொடுத்தார்கள். அன்று இரவே கணினிப் பொறுப்பாளர் பழைய லேப்டாப்பில் இருந்த டிஜிட்டல் சான்றிதழை (இது இன்னார் என்று பெட்டிக்குக் காட்டும் மின்னணு அடையாளக் கோப்பு) ரத்து செய்துவிட்டு, புதிய லேப்டாப்புக்குப் புதிய சான்றிதழ் வழங்கியிருந்தார். செய்ய வேண்டியதைச் செய்ய வேண்டிய நேரத்தில் செய்திருக்கிறார். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பிறகு நடந்த கூட்டங்களில் எல்லோருடைய விரலும் அவரை நோக்கித்தான் நீண்டது.

இந்த ஆலையில் விபிஎன்னுக்குக் கடவுச்சொல் கிடையாது, சான்றிதழ் மட்டும்தான். தோப்பிலும் மண்டியிலும் நின்றுகொண்டு வேலை பார்ப்பவர்கள் ஒவ்வொரு முறையும் கடவுச்சொல் தட்ட முடியாது என்று கொள்முதல் பிரிவு கேட்டுக்கொண்டதால் அப்படி அமைத்திருந்தார்கள். லேப்டாப்பை இயக்கி இணையம் கிடைத்தாலே விபிஎன் தானாக இணைந்துவிடும். அலுவலர் வேலையை விட்டுப் போகவில்லை என்பதால் அவருடைய கணக்கை முடக்கவும் காரணம் இல்லை. ஆகவே தொலைந்த லேப்டாப்புக்கும் ஆலையின் உள்வலைக்கும் நடுவே இருந்த ஒரே தடுப்பு, அந்தச் சான்றிதழின் ரத்து.

பெட்டியின் பதிவில் இரண்டு லேப்டாப்புக்கும் ஒரே பெயர். சான்றிதழில் எழுதிய பெயரைத்தான் அது பயனர் பெயராகக் காட்டுகிறது. பழையதிலும் புதியதிலும் அதே பெயர். விரிவுப் பதிவைத் திறந்து, திரையை வலப்பக்கம் நகர்த்திக்கொண்டே போனால் கடைசியில் சான்றிதழின் வரிசை எண் வருகிறது. புதியது 26. கூட்டம் நடந்தபோது உள்ளே இருந்தது 17. ஆறு வாரங்களுக்கு முன்பே ரத்தான எண்.

பட்டியலும் அதன் தேதியும்

மேலே போவதற்கு முன் ரத்து என்பது எப்படி நடக்கிறது என்று பார்த்துவிடுவோம். ஒரு சான்றிதழை வழங்கிவிட்டால் அதைத் திரும்பப் பிடுங்க முடியாது. அது எவர் கையில் இருக்கிறதோ அவர் கையிலேயே இருக்கும். வழங்கியவரால் செய்ய முடிந்தது, "இந்த எண்ணை நம்பாதீர்கள்" என்று ஊருக்கு அறிவிப்பது மட்டும்தான். அதற்கு இரண்டு வழிகள். ஒன்று சிஆர்எல் எனப்படும் ரத்துப் பட்டியல். ரத்தான எண்களையெல்லாம் எழுதி, வழங்குநர் தன் கையொப்பத்துடன் ஒரு வலை முகவரியில் வைப்பார். மற்றது ஓசிஎஸ்பி. ஒவ்வொரு சான்றிதழுக்கும் தனித்தனியே கேட்டால், செல்லும், ரத்தாகிவிட்டது, தெரியாது என்ற மூன்றில் ஒன்று பதிலாக வரும்.

ரத்துப் பட்டியலில் இரண்டு தேதிகள் இருக்கின்றன: எப்போது வெளியானது, அடுத்தது எப்போது வரும். இரண்டாவது தேதி கடந்துவிட்டால் அந்தப் பட்டியலை நம்பக் கூடாது. இந்த ஆலை ஓப்பன்எஸ்எஸ்எல் என்ற திறந்த மூல மென்பொருளைக் கொண்டு தன் சான்றிதழ்களைத் தானே வழங்கிக்கொள்கிறது. அதன் இயல்பு அமைப்பில் பட்டியலின் ஆயுள் 30 நாள்.

நான் போனதும் முதலில் சந்தேகப்பட்டது பெட்டியின் கடிகாரத்தை. மின்வெட்டுக்குப் பிறகு பல சாதனங்கள் பழைய தேதிக்குத் திரும்பிவிடுவதை நான் பார்த்திருக்கிறேன். தேதி தவறினால் காலாவதியான பட்டியலும் புதியதாகத் தெரியும். கடிகாரம் சரியாக இருந்தது. அடுத்து வழங்குநர் சர்வரில் இருந்த பட்டியலைத் திறந்தேன். எண் 17 அதில் இருந்தது. ரத்தான நாள், நேரம், காரணம் எல்லாம் சரி. பெட்டியின் அமைப்புப் பக்கத்தில் ரத்துச் சோதனை இயக்கத்தில் இருந்தது. அதற்குக் கீழே "நிலையை அறிய முடியாவிட்டால் தடு" என்ற பொருளில் ஒரு கட்டம், அதிலும் டிக் இருந்தது. காகிதத்தில் எல்லாம் ஒழுங்கு. ஆனாலும் 17 உள்ளே இருக்கிறது.

இப்படியான நேரத்தில் திரைகளை நம்பிப் பயனில்லை, கம்பியில் என்ன ஓடுகிறது என்று பார்த்துவிட வேண்டும். பெட்டியின் வெளிப்புறத் துறையில் போய்வரும் தரவுப் பொட்டலங்களைப் பிடித்துப் பார்த்தேன். ஒரு சோதனை லேப்டாப்பை இணைக்கச் சொன்னேன். பெட்டி உடனே ஒரு டிஎன்எஸ் கேள்வி அனுப்பியது: ரத்துப் பட்டியல் இருக்கும் சர்வரின் பெயரைச் சொல்லி, அதன் முகவரி என்ன என்று. கேள்வி போனது ஆலையின் டிஎன்எஸ்ஸுக்கு அல்ல, இணைய சேவை நிறுவனத்தின் டிஎன்எஸ்ஸுக்கு. பெயரோ "லோக்கல்" என்று முடியும் உள்வலைப் பெயர். வெளியே இருப்பவருக்கு அது எப்படித் தெரியும்? "அப்படி ஒரு பெயரே இல்லை" என்று பதில் வந்தது. இரண்டே வரி. அதற்கடுத்த பொட்டலத்திலேயே பெட்டி அந்த லேப்டாப்புக்கு உள்ளே வர அனுமதி கொடுத்துவிட்டது.

அப்படியானால் பெட்டி எந்தப் பட்டியலை வைத்து எண்ணைச் சரிபார்த்தது? உள்ளே தேடியதில் ஒன்று அகப்பட்டது. ஒன்றரை ஆண்டுகளுக்கு முன்பு பெட்டியை நிறுவிய ஒப்பந்தக்காரர் கையால் ஏற்றிய பட்டியல். அதில் ஒரே ஓர் எண் இருந்தது, அன்று சோதனைக்காக வழங்கி ரத்து செய்தது. அன்றைக்கு அந்தச் சோதனைச் சான்றிதழைப் பெட்டி தடுத்திருக்கிறது, எல்லோரும் மகிழ்ந்து கையெழுத்திட்டிருக்கிறார்கள். அந்த வேலை முடிப்பு அறிக்கையை நானும் படித்தேன்: "ரத்துச் சோதனை: வெற்றி." பட்டியலைக் கையால் ஏற்றியதால் கிடைத்த வெற்றி. பெட்டி தானாகப் போய் எடுத்துவருகிறதா என்பதை யாரும் பார்க்கவில்லை. 30 நாளில் அந்தப் பட்டியல் காலாவதியானது. அன்றிலிருந்து இந்த ஆலையில் ரத்து என்பது ஒரு நாள்கூட வேலை செய்யவில்லை.

பிழை எங்கே

இதுவரை சொன்னது அமைப்புத் தவறு. டிஎன்எஸ்ஸைச் சரியாகக் காட்டியிருந்தால் தீர்ந்திருக்கும். மென்பொருளின் பாதுகாப்புப் பிழை இதற்குப் பிறகுதான் வருகிறது, என்னைப் பொறுத்தவரை கனமானதும் அதுதான். கட்டத்தில் டிக் இருந்ததே, பெட்டி ஏன் தடுக்கவில்லை?

பெட்டியின் நுண்பதிவை (ஒவ்வோர் உள்வேலையையும் எழுதும் பதிவு) இயக்கினால் அதற்குள்ளே ஓடுவது ஓப்பன்எஸ்எஸ்எல் என்பது தெரிகிறது. அதன் பிழை எண்கள் அப்படியே வெளியே வருகின்றன. இங்கே மூன்று எண்களை மனத்தில் வைத்தால் போதும். 3 என்றால் ரத்துப் பட்டியல் கிடைக்கவில்லை. 12 என்றால் பட்டியல் காலாவதி. 23 என்றால் சான்றிதழ் ரத்தானது. ஒவ்வொரு இணைப்பின்போதும் இந்தப் பெட்டி 12 என்று எழுதியிருக்கிறது. எழுதிவிட்டு, அதை எச்சரிக்கையாக மட்டும் கருதி, மேலே போயிருக்கிறது. பழைய பட்டியலில் 17-ஐத் தேடியிருக்கிறது. இல்லை. ஆகவே "நிலை: செல்லும்" என்று முடிவு செய்திருக்கிறது. "நிலையை அறிய முடியாவிட்டால்" என்ற நிபந்தனை அங்கே பொருந்தவே இல்லை, ஏனென்றால் பெட்டியின் எண்ணப்படி நிலை அறியப்பட்டுவிட்டது.

அந்தக் கட்டம் எப்போதுதான் வேலை செய்கிறது என்று பார்க்க, மாலை ஆறு மணி தாண்டிய பிறகு இரண்டு சோதனைகள் செய்தோம். பழைய பட்டியலைப் பெட்டியிலிருந்து அழித்தபோது பிழை எண் 3 வந்தது. இணைப்பு அப்போதும் அனுமதிக்கப்பட்டது. சான்றிதழில் ஓசிஎஸ்பி முகவரி சேர்த்து, அங்கே பதில் சொல்ல யாரும் இல்லாமல் விட்டபோது இணைப்பு தடுக்கப்பட்டது. ஆக அந்தக் கட்டம் ஓசிஎஸ்பி வழிக்கு மட்டும் இணைக்கப்பட்டிருந்தது. பட்டியல் வழிக்கு அது வெறும் அலங்காரம். கையேட்டில் இதைப் பற்றி ஒரு சொல் இல்லை.

ஆலையின் பொது மேலாளருக்கு இதை விளக்க வாயிற்காவலரைத்தான் துணைக்கு அழைத்தேன். உள்ளே விடக் கூடாத லாரிகளின் எண்களை ஒரு நோட்டில் எழுதி அவரிடம் கொடுத்திருக்கிறீர்கள். நோட்டு போன வருடத்தியது. அவர் தினமும் ஒவ்வொரு லாரியையும் நிறுத்தி, நோட்டைப் புரட்டிப் பார்த்து, எண் இல்லை என்றதும் கயிற்றை இறக்குகிறார். பார்க்கிறவர்களுக்குக் காவல் கடுமையாகத் தெரியும். மேலாளர் சொன்னார்: "எங்கள் ஆள் அலுவலகத்துக்குப் போன் போட்டுக் கேட்பார், சார்." உண்மைதான். பெட்டியும் கேட்டது, தவறான இடத்தில் கேட்டது, பதில் வராததைப் பதிலாக எடுத்துக்கொண்டது.

இந்த ஒரு பெட்டிக்கு மட்டும் வந்த நோய் அல்ல இது. 2009-இலேயே பாதுகாப்பு ஆய்வாளர் மாக்ஸி மார்லின்ஸ்பைக் இதன் இன்னொரு முகத்தைக் காட்டினார். ஓசிஎஸ்பியில் "பிறகு முயலவும்" என்ற பதிலுக்குக் கையொப்பம் கிடையாது. நடுவில் இருப்பவர் அந்தச் சிறு பதிலை மட்டும் செருகிவிட்டால், அன்றைய நிரல்கள் பல சோதனையை விட்டுவிட்டு மேலே போய்விட்டன. டாம்கேட் வலைச் சர்வருடன் இணைந்து வரும் நேட்டிவ் நூலகத்தில் 2018-இல் வெளியான சிவிஇ-2018-8020 (சிவிஇ என்பது பொதுவில் பதிவான பாதுகாப்புப் பிழைக்குத் தரும் எண்), ஓசிஎஸ்பி பதிலில் பல சான்றிதழ்களின் நிலை ஒன்றாக வரும்போது சரியாகப் பார்க்காததால் ரத்தான பயனர் சான்றிதழ்களும் ஏற்கப்படலாம் என்றது. வலையிலிருந்து தரவு எடுக்கும் கர்ல் நிரலில் 2024 செப்டம்பரில் வெளியான சிவிஇ-2024-8096 எங்கள் கதைக்கு இன்னும் நெருக்கம்: ஜிஎன்யுடிஎல்எஸ் என்ற குறியாக்க நூலகத்துடன் கட்டப்பட்ட கர்லில், சர்வர் தானே இணைத்து அனுப்பிய ஓசிஎஸ்பி நிலை "ரத்து" என்று இல்லாமல் வேறு பிழையாக இருந்தால், அதைக் கெட்ட சான்றிதழாகக் கொள்ளவில்லை. ரத்து என்று தெளிவாகச் சொன்னால் எல்லா நிரலும் தடுத்துவிடும். செல்லும் என்றால் விட்டுவிடும். நிரல் எழுதுகிறவர் தடுமாறுவது நடுவில் இருக்கும் "தெரியாது" என்பதில்தான். அதைச் சோதிக்க யாரும் மெனக்கெடுவதும் இல்லை, ஏனென்றால் சோதிக்க வேண்டுமென்றால் ஓடும் ஒன்றைக் கெடுத்துப் பார்க்க வேண்டும்.

உள்ளே வந்தவர் என்ன பார்த்தார்

பெட்டியின் பதிவு 90 நாள்களுக்கு மட்டும் இருந்தது. இந்தச் சம்பவத்துக்கு அது போதும் என்றாலும், இந்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28 அன்று வெளியிட்ட ஆணையின்படி 180 நாள்களுக்கு வைத்திருக்க வேண்டும். அதே ஆணைதான், அனுமதியற்ற நுழைவு போன்ற சம்பவம் தெரியவந்த 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்கச் சொல்கிறது. "இரவையும் சேர்த்தா?" என்று மேலாளர் கேட்டார். சேர்த்துத்தான். தெரிந்த விவரங்களை மட்டும் எழுதி அன்றிரவே மின்னஞ்சல் அனுப்பினோம்.

எண் 17 நான்கு இரவுகளில் உள்ளே வந்திருக்கிறது. முதல் இரண்டு முறை எதையும் திறக்கவில்லை. யாரோ லேப்டாப்பை இயக்கியிருக்கிறார்கள், விபிஎன் தன் பழக்கப்படி இணைந்திருக்கிறது, அவ்வளவுதான் என்று எடுத்துக்கொள்ளலாம். மூன்றாவது, நான்காவது இரவுகளில் பொதுக் கோப்புறையிலிருந்து மறுநாள் விலைத்தாள் திறக்கப்பட்டிருக்கிறது. ஒரு முறை திறந்ததைத் தற்செயல் என்று விட்டுவிடலாம். மறுநாளும் அதே தாளைத் தேடி வந்ததை அப்படி விட என் மனம் ஒப்பவில்லை. அந்தக் கோப்புறைக்குத் தனிப் பூட்டு இல்லை, உள்வலையில் இருப்பவர் எவரும் படிக்கலாம். உள்ளே வந்தவரெல்லாம் வீட்டு மனிதர் என்ற பழைய நம்பிக்கை.

வெளியூர்க்காரர்களுக்கு ஒரு விலைத்தாளில் என்ன இருக்கிறது என்று தோன்றலாம். கிருஷ்ணகிரி மாவட்டத்தில் பெங்களூரா விலை என்பது பருவத்துக்குப் பருவம் விவசாயிகளும் ஆலைகளும் ஆட்சியர் அலுவலகம் வரை கொண்டுபோகும் வழக்கு. நாளை இந்த ஆலை டன்னுக்கு எவ்வளவு தரும் என்பது இன்று இரவே தெரிந்துவிட்டால், இடைத்தரகர் ஒருவர் விடியுமுன் தோப்புத் தோப்பாகப் போய் அதற்குக் கொஞ்சம் கீழே விலை பேசிவிடலாம். அப்படி யாரேனும் செய்தார்களா என்பதற்கு எங்களிடம் சான்று இல்லை. வந்தவரின் இணைய முகவரி ஒரு கைப்பேசி நிறுவனத்துடையது. அதற்கு மேல் தேடுவது காவல் துறையின் வேலை, பழைய புகாருடன் இந்தப் பதிவுகளையும் சேர்த்துக் கொடுத்தோம்.

அடைத்த விதம்

அன்றிரவு முதல் வேலையாக எண் 17-ஐப் பெட்டியிலேயே தடை விதியாக எழுதினோம். இரண்டாவதாக, புதிய ரத்துப் பட்டியலைக் கையால் ஏற்றினோம். பிறகு எங்களுடைய சோதனை லேப்டாப்பின் சான்றிதழை ரத்து செய்து, அதையும் பட்டியலில் சேர்த்து இணைத்துப் பார்த்தோம். உள்ளே வந்துவிட்டது!

நுண்பதிவில் 23-உம் இல்லை, 12-உம் இல்லை, சான்றிதழ்ச் சோதனையே நடக்கவில்லை. சில நிமிடங்கள் யாரும் பேசவில்லை. பிறகுதான் உறைத்தது. அந்த லேப்டாப் சற்று முன்பு இணைந்திருந்ததால் பழைய டிஎல்எஸ் (மறையாக்க இணைப்பு) அமர்வைத் தொடர்ந்திருக்கிறது. தொடரும் அமர்வில் சான்றிதழ் மறுபடி கைமாறுவதில்லை. முதல் முறை சரியென்று கொண்டது அப்படியே செல்லும். ரத்துச் சோதனைக்கு இடமே வராது. கர்லில் 2024 ஜனவரியில் திருத்திய சிவிஇ-2024-0853 இதே இனம்: சோதனையில் தோற்ற இணைப்பின் அமர்வு எண்ணைக் கர்ல் நினைவில் வைத்திருந்து, அடுத்த முறை அதைக் கொண்டே சோதனையைத் தாண்டிவிட்டது. பெட்டியின் அமர்வு நினைவகத்தைத் துடைத்த பிறகு எங்கள் சோதனைச் சான்றிதழ் வெளியே நின்றது. ரத்து செய்யும் ஒவ்வொரு முறையும் அமர்வுகளைத் துடைக்க வேண்டும் என்பது இப்போது ஆலையின் நடைமுறைத்தாளில் இருக்கிறது. அதற்கு முன்பு அப்படி ஒரு தாளே இல்லை.

பெட்டியின் நிறுவனத்துக்கு எழுதினோம். முதல் பதில், "உங்கள் டிஎன்எஸ் அமைப்பைச் சரிசெய்யவும்." மூன்று பிழை எண்களையும் பொட்டலப் பதிவையும் அனுப்பிய பிறகு அடுத்த நிலைப் பொறியாளர் ஒருவர் பேசினார், அவர் பொறுமையாகக் கேட்டார் என்பதையும் சொல்ல வேண்டும். சில வாரங்களில் புதிய பதிப்பு வந்தது. வெளியீட்டுக் குறிப்பில் பாதுகாப்புத் திருத்தங்கள் என்ற தலைப்பின் கீழே அது இல்லை; "மேம்பாடுகள்" என்பதன் கீழே, ரத்துப் பட்டியல் கையாளுதல் சீரமைக்கப்பட்டது என்று ஒரே வரி. அதைப் படிக்கும் எந்த ஆலைக்காரருக்கும் தன் வாயில் இத்தனை நாள் திறந்து கிடந்தது என்பது தெரியாது. இந்த ஒரு வரிக்காக எனக்கு அந்த நிறுவனத்தின் மேல் இன்னும் கோபம் இருக்கிறது.

புதிய பதிப்பில் கட்டம் உண்மையிலேயே தடுக்கிறது. அதனால் வேறொரு கவலை வந்தது. பட்டியல் இருக்கும் சர்வர் இரவில் விழுந்தால், மண்டியில் நிற்கும் ஒருவராலும் இணைய முடியாது. வாசலில் லாரிகள் நிற்கும், பழுத்த காய் யாருக்காகவும் காத்திருக்காது. மேலாளர் டிக்கை எடுத்துவிடச் சொன்னார். அவர் சொல்வதில் நியாயம் இல்லாமல் இல்லை. உலகின் பெரிய உலாவிகளே இந்த இடத்தில் பின்வாங்கியவை: பதில் வராவிட்டால் விட்டுவிடும் சோதனையால் பயனில்லை என்று குரோம் 2012-இல் நேரடி ரத்துச் சோதனையைக் கைவிட்டது, வலைத்தளங்களுக்கு இலவசச் சான்றிதழ் வழங்கும் லெட்ஸ் என்கிரிப்ட் 2025 ஆகஸ்டில் தன் ஓசிஎஸ்பி சேவையையே மூடிவிட்டது. அந்த உலகம் சான்றிதழின் ஆயுளைக் குறைக்கும் வழியில் போகிறது. பொது வலைத்தளச் சான்றிதழ்களுக்கு 2029 மார்ச் முதல் 47 நாள்தான் உச்சம் என்று முடிவாகியிருக்கிறது.

நாங்கள் இரண்டையும் கலந்தோம். பட்டியலின் ஆயுள் 7 நாள், ஆனால் தினமும் அதிகாலையில் புதியது தானாக உருவாகும். ஆகவே சர்வர் விழுந்தாலும் கையில் இருக்கும் பட்டியல் குறைந்தது ஆறு நாள் தாங்கும். மூன்று நாளுக்குக் குறைந்தால் கணினிப் பொறுப்பாளரின் கைப்பேசிக்குக் குறுஞ்செய்தி போகும். பயனர் சான்றிதழ்களின் ஆயுளை இரண்டு ஆண்டிலிருந்து 90 நாளாகக் குறைத்தோம். பட்டியலைச் சான்றிதழில் எழுதிய முகவரியிலிருந்து எடுக்காமல், பெட்டியில் நாமே நிலையாக எழுதிவைத்த முகவரியிலிருந்து மட்டும் எடுக்கச் செய்தோம். இது வெறும் பயம் அல்ல. ஸ்ட்ராங்ஸ்வான் என்ற விபிஎன் மென்பொருளில் 2022-இல் வெளியான சிவிஇ-2022-40617-இல், தாக்குபவர் அனுப்பும் சான்றிதழில் உள்ள முகவரியை நம்பி மென்பொருள் அங்கே போய்ப் பதிலுக்குக் காத்துக் கிடந்து முடங்கியது; 5.9.8 பதிப்பில் திருத்தினார்கள். விபிஎன்னுக்கு ஒருமுறைக் கடவு எண்ணும் சேர்ந்தது. கொள்முதல் பிரிவு ஒரு வாரம் முணுமுணுத்தது. விலைத்தாள் கோப்புறைக்குப் பூட்டு போட்டது பற்றி யாரும் முணுமுணுக்கவில்லை.

கடைசிச் சோதனையை ஓர் இரவு ஒன்பது மணிக்கு வைத்தோம். பெட்டியில் இருந்த பட்டியலை நீக்கிவிட்டு, கணினிப் பொறுப்பாளர் பட்டியல் சர்வரின் கம்பியைத் தன் கையால் உருவினார். சந்தூரில் இருந்த அதே அலுவலரை இணையச் சொன்னோம். "வரவில்லை மேடம், என்னமோ சிவப்பாகக் காட்டுகிறது" என்றார் தொலைபேசியில் கணினிப் பொறுப்பாளரிடம். நுண்பதிவில் 3, அதன் கீழே "தடுக்கப்பட்டது." கம்பியை மீண்டும் செருகியதும் பெட்டி பட்டியலை எடுத்துக்கொண்டது, அவரும் உள்ளே வந்தார். கையால் எழுதியிருந்த தடை விதியையும் அன்றே நீக்கிவிட்டோம். இனி பட்டியலே நிற்க வேண்டும் என்பதற்காக.

ஜூலைக் கடைசியில், பருவம் ஓயும் நேரத்தில், எண் 17 இன்னொரு முறை வந்தது. இரவு பத்தேகால். மூன்று நிமிடத்தில் ஆறு முறை முயன்றிருக்கிறது. ஆறு வரிகளிலும் 23.